மெக்கன்சி மலைச்சாலையில் சால்மன் பண்ணை: எங்கே நிறுத்துவது, எதை வாங்குவது, கெடாமல் எப்படிக் கொண்டுபோவது

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து குயின்ஸ்டவுனுக்குக் காரில் போகிறவர்களில் பலர் பூக்காக்கி ஏரிக்கரையில் ஒருமுறை குழம்பிப் போவார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் 'மவுண்ட் குக் ஆல்பைன் சால்மன்' என்று பலகை இருக்கும், கடை இருக்கும், எதிரே நீல ஏரியும் அதன் மறுமுனையில் மவுண்ட் குக் என்றும் அழைக்கப்படும் அவோராக்கி சிகரமும் தெரியும். இறங்கியதும் "பண்ணை எங்கே?" என்று கேட்பார்கள். அங்கே பண்ணை கிடையாது. அது விற்பனைக் கடை மட்டுமே. மீன்கள் வளர்வது சில கிலோமீட்டர் தள்ளி, நீர்மின் கால்வாய்களில் மிதக்கும் கூண்டுகளில். மீன் நீந்துவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் இன்னும் தெற்கே, ட்வைசல் ஊரைத் தாண்டிய உடனே வரும் 'ஹை கண்ட்ரி சால்மன்' என்ற மிதக்கும் பண்ணைக்குப் போக வேண்டும். கடை வேறு, பண்ணை வேறு. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பயண நேரத்தை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம்.

சால்மன் ஏன் இந்த மலையில்?

இங்கே வளர்வது சினூக் இனம். கடைகளில் கிங் சால்மன் என்று எழுதியிருப்பார்கள். இந்த நாட்டு மீன் அல்ல. 1901 முதல் சில ஆண்டுகள் கலிஃபோர்னியாவிலிருந்து முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து, வைட்டாக்கி ஆற்றுப்படுகையில் ஹக்கடரமேயாவில் பொரிக்கவைத்து ஆற்றில் விட்டார்கள். அதிலிருந்து பெருகியவை இவை. நார்வேயிலும் சிலியிலும் பெரும்பாலும் வளர்ப்பது அட்லாண்டிக் சால்மன். அதைவிடக் கிங் சால்மனில் கொழுப்பு அதிகம், சதை மெத்தென்றிருக்கும். சென்னை உணவகங்களில் 'இந்தியன் சால்மன்' என்ற பெயரில் வருவது நம்ம ஊர் காலா மீன். இரண்டுக்கும் உறவே இல்லை.

டெக்கப்போ, பூக்காக்கி, ஓஹாவ் ஏரிகளின் நீரை மின்நிலையங்களுக்குக் கொண்டுபோக வெட்டிய கால்வாய்கள் மெக்கன்சி சமவெளி முழுக்க ஓடுகின்றன. டெக்கப்போ கால்வாய் மட்டும் சுமார் 25 கி.மீ. நீளம். பனியாறு உருகிய நீர் என்பதால் கோடையிலும் குளிர்ச்சி குறையாது, நிற்காமல் ஓடிக்கொண்டும் இருக்கும். சினூக் மீனுக்கு இந்த இரண்டுமே தேவை. நீர் 17, 18 டிகிரியைத் தாண்டினால் அதற்கு மூச்சு முட்டும், இரை எடுக்காது, நோய் தொற்றும். நன்னீர் என்பதால் கடல் பண்ணைகளைப் படுத்தும், மீன் உடலில் ஒட்டும் கடல் பேன் தொல்லை இங்கே இல்லை.

ஏரிகள் பால் கலந்த நீலமாகத் தெரிவதற்குக் காரணம் பனியாறு அரைத்துவிட்ட பாறைத்தூள். அது நீரில் மிதந்தபடி வெயிலைச் சிதறடிக்கிறது. மேகமூட்டமான நாளில் அதே ஏரி சாம்பல் நிறத்தில்தான் இருக்கும்.

படி 1: பாதையை இரண்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஜெரால்டின், ஃபேர்லி வழியாக டெக்கப்போ சுமார் 230 கி.மீ. மூன்று மணி நேரம் பிடிக்கும். ஃபேர்லியைத் தாண்டி பர்க்ஸ் கணவாயில் ஏறி 709 மீட்டர் உயரத்தைக் கடந்ததும் பச்சை வயல்கள் முடிந்து பழுப்புப் புல்வெளி விரியும். அதுதான் மெக்கன்சி சமவெளி. டெக்கப்போவிலிருந்து பூக்காக்கிக் கடை 47 கி.மீ. கடையைத் தாண்டி அணைமேல் போனதும் வலப்பக்கம் பிரியும் 80ஆம் எண் சாலை, ஏரியின் மேற்குக் கரையோடு 55 கி.மீ. ஓடி அவோராக்கி கிராமத்தில் முடியும். பிரியாமல் நேரே போனால் சில நிமிடங்களில் ட்வைசல். அங்கிருந்து ஓமராமா 30 கி.மீ., பிறகு 971 மீட்டர் உயர லிண்டிஸ் கணவாய், குரோம்வெல், குயின்ஸ்டவுன். ட்வைசலிலிருந்து குயின்ஸ்டவுன் இரண்டரை மணி நேரம்.

ஒரே நாளில் முழுத் தூரத்தையும் ஓட்டலாம், ஆறு மணி நேரம்தான். ஆனால் அப்படிப் போகிறவர்கள் பண்ணைக்கு மாலையில் தாமதமாக வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ட்வைசலில் ஓர் இரவு தங்குங்கள். முதல் நாள் மதியம் பூக்காக்கிக் கடையில் சாப்பாடு, பிறகு அவோராக்கி வரை போய்த் திரும்பி ட்வைசலில் தூக்கம். மறுநாள் காலை பண்ணை. காலையில் காற்றும் அடங்கியிருக்கும், சுற்றுலாப் பேருந்துகளும் வந்து சேர்ந்திருக்காது. குளிர்காலத்தில் நேரம் இன்னும் சுருங்கும் என்பதால் முந்தைய நாளே கூகுள் மேப்பில் திறக்கும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

படி 2: ஓட்டும்போது தடுமாறும் இடங்கள்

இங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுவது. அதனால் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தொடக்கம் சுலபம். உரிமம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்போ சர்வதேச அனுமதியோ கையில் இருக்க வேண்டும்.

கொடைக்கானல், ஊட்டி மாதிரி கொண்டை ஊசி வளைவுகளை எதிர்பார்க்காதீர்கள். லிண்டிஸ் கணவாய்கூட நிதானமான ஏற்றம்தான். ஆபத்து வேறு வகை. நேரான, காலியான சாலை, 100 கி.மீ. வேகம், நீளும் சலிப்பு, கண் முழுக்க மலையின் மேல். வளைவில் ஹாரன் அடிக்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள், இங்கே அதைத் திட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மலையேறும் வண்டிக்கு முன்னுரிமை என்ற நம்ம ஊர்க் கணக்கும் செல்லாது. ஒருவழிப் பாலத்தில் பலகையைப் பாருங்கள்: உங்கள் திசைக்கான அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும். உங்கள் பக்கம் மஞ்சள் நடுக்கோடு இருந்தால் முந்தக் கூடாது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுக்கிடம் வந்ததும் ஒதுங்கி வழி விடுங்கள்.

நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை லூபின் பூக்கள் சாலையோரம் ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களில் கொத்துக்கொத்தாக நிற்கும். படத்துக்காக வண்டியைச் சட்டென்று ஓரங்கட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய அசட்டுத்தனம். ஓரம் முழுக்கச் சரளை. 100-இல் வந்து அதில் இறங்கினால் சக்கரம் வழுக்கும். நிறுத்துமிடம் என்று பலகை உள்ள இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பர்க்ஸ், லிண்டிஸ் கணவாய்களிலும் 80ஆம் எண் சாலையிலும் பனி விழும். வண்டியோடு சக்கரச் சங்கிலி தருகிறார்களா என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டு, ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். வெள்ளைப் பனியை விட நிழல் விழும் வளைவில் கண்ணாடி போல் உறைந்த ஈரம்தான் மோசம். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அந்த மாதங்களில் பத்து மணிக்கு முன் கிளம்பாமல் இருப்பது நல்லது.

கார்க் கதவையும் மறந்துவிடாதீர்கள். மெக்கன்சியில் வடமேற்குக் காற்று சுழற்றி அடிக்கும். பூக்காக்கிக் கரையில் வண்டியைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினால், திறந்த நொடியே காற்று கதவைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் மடக்கிவிடும், கீல் வளைந்துபோகும். வாடகை வண்டியாக இருந்தால் பழுதுச் செலவு உங்கள் தலையில். முகப்பு காற்றை எதிர்த்தபடி நிறுத்தி, ஒரு கையால் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தாழ் திறங்கள். குழந்தைகள் பக்கக் கதவை வெளியிலிருந்து பெரியவர்தான் திறக்க வேண்டும்.

பெட்ரோல் ஃபேர்லி, டெக்கப்போ, ட்வைசல், ஓமராமாவில் கிடைக்கும். பல இடங்களில் ஆள் இருக்க மாட்டார், அட்டையைச் செருகி நீங்களே நிரப்ப வேண்டும். ரகசிய எண் இல்லாத அட்டை அங்கே வேலை செய்யாது.

படி 3: பூக்காக்கிக் கடை

இங்கே வேலை இரண்டுதான், வாங்குவதும் உட்கார்ந்து சாப்பிடுவதும். சாஷிமி டப்பாவில் பச்சை மீன் வில்லைகள் இருக்கும், தொட்டுக்கொள்ளச் சோயாச் சாறும் வாசாபியும். வாசாபியைப் பச்சைச் சட்னி என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுவிடாதீர்கள், மூக்கு வழியாக ஏறும். பட்டாணி அளவு எடுத்து வில்லையின் மேல் தடவினால் போதும். முதல்முறை பச்சை மீன் சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேருக்கு ஒரு டப்பா வாங்குங்கள். கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் ஆறேழு துண்டிலேயே சிலருக்குத் திகட்டிவிடும்.

பச்சையாகச் சாப்பிடலாமா என்ற பயம் நியாயமானதுதான். பண்ணை மீன் ஆலையில் செய்த குருணைத் தீவனத்தை மட்டுமே தின்று வளர்வதால் ஒட்டுண்ணிப் புழு வர வாய்ப்பு மிகக் குறைவு. கால்வாயிலோ ஆற்றிலோ தூண்டில் போட்டுப் பிடித்த மீனை அப்படிப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் சாஷிமியையும் குளிர்ப்புகை மீனையும் தவிர்க்க வேண்டும். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டிக் குளிரிலும் பெருகும். அவர்களுக்கு நன்றாக வேகவைத்த மீன்தான் சரி.

புகையிட்டதில் இரண்டு வகை உண்டு, பலரும் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். குளிர்ப்புகை என்பது உப்பில் ஊறி, வேகாமல், கண்ணாடி போல் மெல்லியதாகச் சீவியது. ரொட்டியில் வைத்துச் சாப்பிடலாம். சூடான புகையில் வெந்தது கட்டியாக, உதிரும் பதத்தில் இருக்கும். மிளகு, பூண்டு தடவியதும் கிடைக்கும். மீன் புட்டு பிடித்தவர்கள் இரண்டாவதை வாங்குங்கள்: வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து உதிர்த்துப் போட்டால் ஐந்து நிமிட வேலை. ஏற்கெனவே உப்பு ஏறிய மீன், கூடுதல் உப்பு வேண்டாம்.

படி 4: மிதக்கும் பண்ணை

ட்வைசலிலிருந்து ஓமராமா சாலையில் சுமார் 3 கி.மீ. தெற்கே, வைரெப்போ என்ற நீர்ப்பரப்பின் மேல் பண்ணை மிதக்கிறது. கடையும் காப்பிக் கடையும் அதே மிதவையில்தான். கரையிலிருந்து நடைபாலத்தில் இறங்கினால் கால் லேசாக ஆடும். வழுக்காத செருப்பு போதும். சின்னக் குழந்தையைக் கையை விட்டுவிடாதீர்கள். கைபேசியை விளிம்புக்கு வெளியே நீட்டிப் படமெடுக்காதீர்கள், விழுந்தால் திரும்பாது.

வந்ததும் மேலே நின்று பார்த்தால் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே தெரியும். போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், பளபளப்பு விலகி நீருக்குள் தெரியும். அது இல்லாவிட்டால் சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி நின்று உங்கள் நிழல் விழும் இடத்தைப் பாருங்கள். முதலில் கரும்பச்சை முதுகுகள் தெரியும். பிறகு ஒன்று சாயும்போது பக்கவாட்டு வெள்ளி மின்னும். எல்லாம் ஒரே திசையில் வட்டமடித்துக்கொண்டிருக்கும்.

மீன் இரை வாங்கிப் போடலாம். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கொட்டினால் பாதி மூழ்கிப்போகும். ஐந்தாறு குருணையாக, அகலமாகத் தூவுங்கள். முதல் தூவலில் மீன்கள் மேலே திரும்பும், இரண்டாவதில் நீர் கொதிப்பது போல் துள்ளும். படமெடுக்கிறவர் முதல் தூவலுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ரொட்டி, முறுக்கு, சிப்ஸ் எதையும் போடாதீர்கள். அந்தக் குருணையில் மீன்தூள், எண்ணெய் ஆகியவற்றோடு அஸ்டாசாந்தின் என்ற நிறமியும் இருக்கிறது. சதைக்கு ஆரஞ்சு நிறம் தருவது அதுதான். காட்டு சால்மன் இறால் வகைகளைத் தின்று இதே நிறமியைப் பெறுகிறது. அது கிடைக்காத சால்மனின் சதை வெளிறியிருக்கும்.

கறுத்து, மெலிந்து, கூட்டத்தை விட்டு ஓரமாக மிதக்கும் மீன் ஒன்றிரண்டு கண்ணில் படும். சில முதுகு வளைந்தும் இருக்கும். எந்தப் பண்ணையிலும் அப்படிச் சில இருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு மீன் வாங்கப் பயப்பட வேண்டாம்.

"நாங்களே தூண்டில் போட்டுப் பிடிக்க வேண்டும்" என்று குழந்தைகள் அடம் பிடித்தால், தீவின் வட முனையில் டாக்கக்காவில் உள்ள அனடோகிப் பண்ணைதான் சரியான இடம். அங்கே தூண்டில் அவர்களே தருகிறார்கள், உரிமம் தேவையில்லை, பிடித்த மீனுக்கு எடை போட்டுக் காசு. ஆனால் அது வேறொரு பயணம். மெக்கன்சிக் கால்வாய்களில் தூண்டில் போட மீன்பிடி உரிமம் கட்டாயம். கூண்டுகளிலிருந்து சிந்தும் இரையைத் தின்று இந்தக் கால்வாய் டிரவுட் மீன்கள் ஊதிப் பெருத்துக் கிடக்கின்றன. 2020-இல் ஓஹாவ் கால்வாயில் பிடிபட்ட 20.1 கிலோ பழுப்பு டிரவுட் உலகச் சாதனையாகப் பதிவானது. பெரிய மீன் ஆசையில் கரை விளிம்பில் இறங்கிவிடாதீர்கள். கால்வாய்ச் சுவர் செங்குத்தான சரிவு, நீர் குளிர், இழுப்பு பலம். விழுந்தால் பிடித்து ஏற எதுவும் இல்லை.

படி 5: வாங்கியதைக் கொண்டுபோவது

மீன் வாங்குவதற்கு முன்பே ஐஸ் பெட்டி தயாராக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் அதன் பெயர் சில்லி பின். மிளகாய் டப்பா என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஐஸ் மூட்டை பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும். நம்ம ஊர் மீன்பிடித் துறைமுகக் கணக்கே இங்கும் பொருந்தும்: மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ். அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேல் மீன் பொட்டலம், அதன் மேல் இன்னொரு அடுக்கு. பொட்டலம் இறுக்கமாக மூடியிருக்கட்டும். உருகிய நீரில் சதை ஊறினால் ருசி போய்விடும். பெட்டியைப் பின் இருக்கையின் காலடியில் வையுங்கள். கோடை வெயிலில் டிக்கி அடுப்பு மாதிரி கொதிக்கும்.

தோலோடு கூடிய துண்டு வாங்கினால் ஒருவருக்கு 180 கிராம் கணக்கு. குழம்பு வைத்துச் சோற்றோடு என்றால் 150 கிராமே தாராளம். 3, 4 கிலோ முழு மீன் வாங்கும் ஆசை வரும். விடுதியில் கிடைக்கும் வெண்ணெய்க் கத்தியை நினைத்துக்கொண்டால் போய்விடும். அதற்குப் பதில் தலையும் நடுமுள்ளும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் சீண்டாத பாகம், நமக்குக் குழம்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

இரவு விடுதிக் குளிர்பெட்டியில் மீனை வைத்தால், கார்ச் சாவியையும் அந்தப் பொட்டலத்தின் மேலேயே வைத்துவிடுங்கள். காலை அவசரத்தில் மீனை மறந்து கிளம்ப முடியாது.

படி 6: விடுதி அடுப்பில் சமைப்பது

பெரும்பாலான மோட்டல் அறைகளில் சின்னச் சமையலறை இருக்கும், கூடவே கூரையில் புகை எச்சரிக்கைக் கருவியும். தாளிக்கும்போது மிளகாய் கருகினால் அது அலறும். ஜன்னலைத் திறந்து, தீயை மிதமாக வைத்தே தொடங்குங்கள்.

வறுக்க: தோலைத் துணியால் ஈரம் போகத் துடையுங்கள், ஈரம் இருந்தால் ஒட்டும். விரலால் தடவி மெல்லிய முள் தட்டுப்பட்டால் பிடுங்கிவிடுங்கள். சூடேறாத வாணலியில் எண்ணெய் விடாமல் தோல் கீழே இருக்கும்படி வைத்து, பிறகு அடுப்பை மூட்டுங்கள். மீனின் கொழுப்பே உருகி எண்ணெயாகும். ஐந்தாறு நிமிடம் தொடாதீர்கள். சதையின் பக்கவாட்டில் வெளிறிய நிறம் முக்கால் பங்கு ஏறியதும் திருப்பி ஒரு நிமிடம். வெள்ளையாகத் தயிர் மாதிரி ஏதோ கசிந்தால் தீ அதிகம் என்று அர்த்தம். அது மீனின் புரதம், கெட்டுப்போனதல்ல.

குழம்புக்கு: வழக்கமாக விடும் நல்லெண்ணெயில் பாதி போதும், இல்லையென்றால் குழம்பின் மேல் எண்ணெய் ஒரு விரற்கடை நிற்கும். புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரையுங்கள், இந்தக் கொழுப்புக்கு அதுதான் ஈடு. மசாலா பச்சை வாசனை போய்க் கொதித்து வற்றிய பிறகு கடைசியாக மீனைப் போட்டு, தீயைக் குறைத்து ஐந்து நிமிடம். கரண்டி விடாதீர்கள், வஞ்சிரம் மாதிரி தாங்காது, உதிர்ந்துவிடும். சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும்.

புளியும் மசாலாப் பொடியும் ஊரிலிருந்து கொண்டுவருகிறவர்கள் நியூசிலாந்து விமான நிலைய உறுதிமொழியில் உணவுப் பொருள் என்று தவறாமல் குறிப்பிட வேண்டும். சொல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். மண் ஒட்டிய மலையேறும் காலணிக்கும் பழைய தூண்டில் சாமான்களுக்கும் அதே விதிதான். கறிவேப்பிலையை ஊரிலிருந்து கொண்டுவராமல் கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள இந்தியக் கடைகளில் தேடுங்கள். ட்வைசலில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.